தலைத்துண்டில் வந்த கடல்

அரபிக்கடலின் ஒரு பகுதி போடிமெட்டு மலைப்பாதை வழியாகப் போடிநாயக்கனூருக்கு வந்து சேர்ந்தது ஓர் ஆடி மாதத்து மாலையில். ஏலத்தோட்ட வேலை முடிந்து திரும்பும் பெண்களின் தலைத்துண்டுகளில் ஏறி, முத்துக்கண்ணனின் ஜீப்பில் அது வந்தது. அந்த வாரம் ஏலக்காய் விலை சற்று இறங்கியிருந்தது, தக்காளி ஏறியிருந்தது. கடல் இறங்கிய இடம் ஏலக்காய் வியாபாரி பெத்துராஜின் வீட்டு வாசல்.

அதற்கு முந்தி நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். பெத்துராஜின் மனைவி தேவகிருபை தூத்துக்குடியில் பிறந்தவள். தை மாதம் அவளைப் பிடித்த மஞ்சள் காமாலை, விட்டுப் போகும்போது பசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. இனிமேல் சோறுதான் மருந்து என்று சொல்லி டாக்டர் கையைக் கழுவிக்கொண்டார். கஞ்சியும் ரசமும் போன வேகத்தில் அடுக்களைக்குத் திரும்பின. கொடியில் காயப்போட்டது போலச் சேலை அவள் உடம்பில் தொங்கியது. "கடல் வாடை அடிச்சா ரெண்டு வாய் எறங்கும்ங்க" என்று ஒருநாள் அவள் சொன்னாள். பஸ்சில் உட்காரும் தெம்பு அவளுக்கு இல்லை. ஆகவே கடலை வீட்டுக்கு வரவழைப்பது என்று அவர் முடிவு செய்தார். எந்தச் சரக்கும் லோடு சொன்னால் வந்துவிடும் என்பது ஏலக்காய் வியாபாரிகளின் நினைப்பு.

தேவகிருபையின் தம்பி விஜயராஜ் தூத்துக்குடியில் அலங்கார மீன் கடை வைத்திருந்தான். கண்ணாடித் தொட்டி, கேன்களில் கடல்தண்ணீர், ஓட்டை ஓட்டையாகச் சுட்ட மண்கற்கள், ஒரு பிடி பாசி எல்லாம் அவன் கொண்டுவந்தான். கூடவே ஒரு பாட்டிலில் கோப்பிபாட் என்கிற பூச்சிகள். எள்ளில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனால் துள்ளும். அவன் தரப்போவது மேண்டரின் மீன். "அது பெரிய கௌரவக்காரன் அத்தான். செத்ததைத் தொடாது, பொடித்தீனியப் போட்டா மொறைக்கும். உசுரோட ஓடுற இந்தப் பூச்சியத்தான் திங்கும். மொதல்ல பூச்சி குடும்பம் குட்டியாப் பெருகட்டும், பெறகுதான் மீனு" என்றான். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் பெத்துராஜ் வெறும் தண்ணீருக்கு விளக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சிகளுக்குத் தீனியாகப் பொடிப்பாசி வளர்ந்து பச்சையான தண்ணீரை ஊற்றினார். தெருவில் சிரிக்காத ஆள் இல்லை.

ஆனியில் மீன் வந்தது. விரல் நீளம், நீலப் பட்டில் ஆரஞ்சுக் கோலம். கல்லைக் கல்லாக நடந்து, உற்றுப் பார்த்து, ஒரு கொத்து கொத்தும். தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த தேவகிருபை, அது ஒரு வாய் கொத்தினால் தானும் ஒரு வாய் எடுத்தாள். இரண்டு வாரத்தில் கன்னத்தில் சதை தெரிந்தது. பெத்துராஜ் கடையில் சீட்டியடித்தார். அவருக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே ஊருக்கு அன்றுதான் தெரியும்.

ஆடி முதல் வாரத்தில் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். முந்தின நாள் பெத்துராஜ் தொட்டியின் கண்ணாடியில் தூசி படிந்திருப்பதைக் கண்டார். சரக்கில் தூசி இருந்தால் ஏலக்காய்க்காரனுக்கு மானமே போனமாதிரி. வாங்க வருகிறவன் உள்ளங்கையில் கொட்டி ஊதித்தான் பார்ப்பான். சீசனில் மலைக்குக் காய் எடுக்கப் போகிறவளும், மற்ற நாளில் அவர் கடையில் சலிக்கிறவளுமான மூக்கம்மாள் அன்று உதவிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். இருவரும் கற்களைத் தேய்த்து, தண்ணீரை மல்லுத்துணியில் வடிகட்டி, தொட்டியை முதல் தரச் சரக்காக்கினார்கள். பாஸ்டர்கூட மெச்சிவிட்டுப் போனார்.

மறுநாள் மீன் கல்லைக் கல்லாக நடந்தது, எங்கும் கொத்தவில்லை. அதன் வயிறு உள்வாங்கியது. தேவகிருபை தட்டைத் தள்ளி வைத்தாள். "அது திங்கட்டும்ங்க, பெறகு பாப்போம்" என்றாள். பெத்துராஜ் போனைப் போட்டார். விஜயராஜ் நடந்ததையெல்லாம் கேட்டான். பிறகு சொன்னான், "அத்தான், நீங்க வடிகட்டிக் கொட்டுனது தூசியில்ல. அதுதான் அதோட சோறு." புதிதாக அனுப்பினாலும் பெருக மாதக்கணக்காகும், மீன் அதுவரை தாங்காது என்றும் சொன்னான். பெத்துராஜ் தன் வீட்டுச் சோற்றைத் தானே சாக்கடையில் கொட்டிய மனிதராகப் படியில் உட்கார்ந்திருந்தார்.

சேதி தெரிந்த மூக்கம்மாளுக்கும் மனசு கேட்கவில்லை. அன்று மலையிலிருந்து இறங்கியவள் முத்துக்கண்ணனின் ஜீப்பை நேரே அந்த வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னாள். மெட்டில் நாளெல்லாம் பனிமஞ்சு மூடியிருந்ததால் தலைத்துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் குனிந்து பார்த்தபோது துண்டிலிருந்து நாலு சொட்டு விழுந்தது. சொட்டுகள் துள்ளின. மீன் திரும்பியது, ஒரு கொத்து கொத்தியது. மூக்கம்மாள் துண்டை நக்கிப் பார்த்தாள்.

"மொதலாளி, உப்புக் கரிக்கிது!"

அவள் வாசலுக்கு ஓடி, "ஏய், எல்லாரும் துண்டக் கொண்டாங்கடி, வெரசா!" என்று கத்தினாள். ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் இறங்கி வந்து பிழிந்தார்கள்.

மலையில் அடையும் மஞ்சு மேற்கே கடலில் கிளம்பி வருவது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். வருகிற வழியில் எதையெல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறது என்று அதுவரை யாரும் பிழிந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆடியும் ஆவணியும் ஜீப் தினமும் அந்த வாசலில் நின்றுவிட்டுத்தான் போனது. பால் வந்திருச்சு என்பது போலக் கடல் வந்திருச்சு என்று தெருவில் சொன்னார்கள். மஞ்சோடு வந்த பூச்சிகள் பாசியிலும் கல்லிலும் குடியேறி, பிள்ளை பெற்று, பிழிய வேண்டிய தேவையே இல்லாதபடி பெருகின. ஆனாலும் பெண்கள் பிழியாமல் போகவில்லை.

புரட்டாசியில் தேவகிருபை அசனம் வைத்தாள். அவள் ஊர்ப்பக்கம் ஆண்டவருக்கு நன்றி சொல்ல எல்லாரையும் உட்காரவைத்துச் சோறு போடுவதற்கு அதுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை, மலைக்குப் போகாத நாள். ஜீப்புப் பெண்கள் வரிசையாக இலை முன் உட்கார, தேவகிருபை தானே கறிக்குழம்பு ஊற்றினாள். மூக்கம்மாளின் இலைக்கு வந்தபோது கரண்டியை நிறுத்தினாள். "எங்க ஊரக் கொண்டாந்து குடுத்தியே ஆத்தா, நீ நல்லாருக்கணும்" என்றாள். மூக்கம்மாள் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.

பந்தி எழுந்ததும் தேவகிருபை தொட்டியை எட்டிப் பார்த்தாள். மீன் வயிறு புடைக்கக் கல்லில் சாய்ந்திருந்தது. அவள் ஓர் இலையை விரித்து உட்கார்ந்து, பெத்துராஜை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குப் பசிக்கிதுங்க."

சோற்று வாளியைத் தூக்கிய பெத்துராஜுக்குக் கண்ணை நீர் மறைத்தது. துடைத்துக்கொண்ட தோள்துண்டைப் பிழிந்தபோது உப்புத்தண்ணீர்தான் வந்தது. வீணாக்க வேண்டாமென்று அதையும் தொட்டியில் விட்டார். மீன் எழுந்து வந்து கொத்தியது.