இரண்டாவது கொக்கி

1

இந்தக் கதையைக் கண் மருத்துவமனை வரிசையில் திருடினேன். பக்கத்து நாற்காலியில் கிரேன் ஓட்டும் அக்கா ஒருவர். "மேலேர்ந்து பார்த்தா ரெண்டு கொக்கி தொங்குது. எது நிஜம்னு தெரியல" என்றார். மீதி என் கற்பனை.

2

வானத்துக்கும் பூமிக்கும் நடுவே அவள்...

(அடித்துவிட்டேன். அவள் உட்கார்ந்திருப்பது கிரேனின் கண்ணாடிக் கூண்டில். கீழே சிமென்ட் தூசு.)

வலக்கண்ணை அசைத்தாலே வலி. இமையில் வீக்கம். முதல் டாக்டர், "பேனாவையே பாருங்க" என்று அதை இடவலமாக நகர்த்தினார். பார்த்தாள். சொட்டுமருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

3

(அவசரக்காரர்கள் இதைத் தாண்டலாம். எனக்கு இந்த இடம்தான் உயிர்.) ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுத்துத் திருப்புகின்றன. ஒன்று வீங்கினால் அந்தக் கண் பின்தங்கிவிடும்; பார்ப்பது இரண்டாகும். ஆனால் கிரேன் ஓட்டுகிறவர்கள் கழுத்தோடு திரும்பிப் பழகியவர்கள். பேனாவுக்கும் அவள் அப்படியே திரும்பினாள். கண் அசையவே இல்லை; முதல் டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

4

இரண்டாவது டாக்டர் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டார். "தலை திரும்பக் கூடாதும்மா. கண்ணு மட்டும்."

பேனா வலப்பக்கம் போனது.

"வலிக்குதா?"

"வலியும் இருக்கு. ரெண்டு பேனாவும் இருக்கு."

ஸ்கேனில் ஒரு தசை, கண்ணோடு ஒட்டும் நுனி நாண் வரை தடித்திருந்தது. தைராய்டு கோளாறிலும் கண் தசை வீங்கும்; ஆனால் அதில் நாண் பெரும்பாலும் தப்பிவிடும். ரத்தப் பரிசோதனையும் தைராய்டு இல்லை என்றது. கண் தசை அழற்சி. ஸ்டீராய்டு மாத்திரை.

"மாத்திரையை வாராவாரம் நான்தான் குறைப்பேன். நீங்களா நிறுத்தினா திரும்ப வரும். நான் சொல்ற வரைக்கும் கிரேன் ஏறக் கூடாது."

வீட்டில் கணவர் கேட்டார்: "நானும் ரெண்டாத் தெரியறேனா?"

"ஒண்ணையே சமாளிக்க முடியல."

5

மூன்றாம் நாள் வலி போயே போய்விட்டது. சூப்பர்வைசர் போன் செய்தார்: "திங்கக்கிழமை வர்றீங்களா, வேற ஆளைப் போடவா?"

முடிவு அ: மாத்திரையை நிறுத்திவிட்டு ஏறுகிறாள். (கீழே சுமை மாட்டக் கொக்கிக்குக் கை நீட்டுபவனுக்கு ஒரு முகம் கொடுத்தேன். அதற்குமேல் எழுத வரவில்லை.)

முடிவு ஆ: "போட்டுக்குங்க" என்கிறாள். (ஆறு வருஷம் மல்லுக்கட்டி வாங்கிய இருக்கை. இவ்வளவு லேசாக விடுவாளா?)

6

"லைன்ல இருங்க சார்" என்றாள். "ஏங்க, என் தாடையைப் பிடிங்க."

கணவர் பிடித்துக்கொண்டு, கையிலிருந்த கரண்டியை வலப்பக்கம் நகர்த்தினார். "எத்தனை?"

அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்கிறாள். அவள் சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது, கீழே கை நீட்டி நிற்பவனை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.