கொலுவேறிய பட்டாளம்

எங்கள் கட்டிலுக்கடியில் ஒரு பிரெஞ்சுப் பட்டாளம் பல வருஷமாகக் கிடந்தது, அதுவும் அம்மணமாக. சுண்டுவிரல் உயர ஈயச் சிப்பாய்கள். ஒருத்தன் மேலும் பொட்டுப் பெயிண்ட் கிடையாது. என் வீட்டுக்காரர் ராணுவ ஸ்டோரில் கிளார்க். அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரி சீமைக்குக் கப்பல் ஏறும்போது மற்றவர்களுக்கு டீ செட், மேஜை விளக்கு என்று கொடுத்தாராம். எங்களுக்கு வாய்த்தது இந்தப் பெட்டியும், இதை மேஜைமேல் நிறுத்திப் பகடை உருட்டிச் சண்டை போடும் ஆட்டமும்தான். அறை கூட்டும்போதெல்லாம் என் கால் கட்டைவிரல் அந்தப் பெட்டியில் இடிக்கும்.

இவருக்கு எதிராளி அலீம் பாய். டன்லப் ஸ்திரீட்டில் பேனா, காகிதம் விற்கிறவர். அவருடைய ஆங்கிலேயப் படையைப் பார்க்க வேண்டுமே! பித்தான்கூடத் தனித்தனியாக மின்னும். பெயிண்ட் அடிக்காதவன் போருக்கு வரக் கூடாது என்பது அவர் சட்டம். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் இவர் அலீம் பாயிடமே இரவல் சிப்பாய்களை வாங்கி, அலீம் பாயிடமே தோற்றுவிட்டு வருவார். எப்படித் தோற்பார் என்பதும் எனக்கு மனப்பாடம். அலீம் பாய் தலையணை மேடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். இவர் அவசரக்குடுக்கை, நேராக மேட்டில் ஏறுவார். மேட்டில் இருப்பவனைச் சாகடிக்க ஆறு விழுந்தாக வேண்டும். அதுவும் அலீம் பாய் சட்டம்தான்.

ஒரு சனிக்கிழமை அலீம் பாய் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டார் போலிருக்கிறது. இவர் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"சிவகாமி, அடுத்த சனிக்கிழமை என் சொந்தப் படையோட எறங்குறேன். தோத்தா பெட்டியே அவனுக்குன்னு சொல்லிட்டேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கச் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். என் கட்டைவிரலுக்கு விடுதலை கிடைக்கப் போகிறது!

வயிற்றுவலி என்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிடித்துக்கொண்டு பெயிண்ட் அடிக்க வசதியாக ஒவ்வொருத்தன் காலையும் சோற்றுப் பசையால் நெருப்புப் பெட்டியில் ஒட்டினார். கோட்டுக்கு நீலம், கால்சட்டைக்கு வெள்ளை, எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. முகத்தில்தான் வந்தது வினை. வெள்ளையில் சிவப்பைக் கலந்தார், எல்லாரும் பன்றிக்குட்டி நிறமாகிவிட்டார்கள். பயந்துபோய்ப் பழுப்பைக் கொட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் பெரிய மாமாவாகிவிட்டார்கள். கண் வைக்கும்போது பிரஷ் வழுக்கி முழி பிதுங்கியது. அதைச் சரிக்கட்ட மீசை வைத்தார். மீசை கோணியது, அதைச் சரிக்கட்டக் கிருதா வைத்தார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்காங்க" என்றேன்.

அன்றைக்கு நவராத்திரி முதல் நாள். பால் டின் பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கி, வேட்டி விரித்து ஐந்து படி கட்டியிருந்தேன். ஆனால் ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பொம்மைகளில் பாதி கப்பலிலேயே உடைந்துபோனதால், வருஷா வருஷம் என் கொலுவில் பொம்மையைவிட வேட்டிதான் அதிகம் தெரியும். பக்கத்து வீட்டு லீலா வந்து, "சிம்பிளா இருக்கு லா" என்பாள், இந்த ஊர்ப் பேச்சில். அந்த "சிம்பிள்" என் நெஞ்சில் முள்ளாய்க் குத்தும்.

மாலையில் நான் குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். அவசரமாகக் கலசத்தை வைத்து, விளக்கேற்றி, ஆரத்தி எடுத்து நிமிர்ந்தால், படிகளில் முருகனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரெஞ்சுப் பட்டாளம்! பூனை தட்டாத இடம் அதுதான் என்று ஈரம் காய வைத்தாராம் இந்த மனுஷர்.

"அக்கா, இது யாரு?" என்றாள் லீலா.

"முருகனோட படை" என்றேன். வேறென்ன சொல்ல?

"மீசை என்ன ஜோர்! ஒரு படிகூடக் காலியா இல்லையே!" என்று சிப்பாய்கள் எல்லாருக்கும் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தவர்கள் போனதும் இவர் படையை எடுக்க வந்தார்.

"கை வைக்காதீங்க! ஆரத்தி எடுத்தாச்சு. விஜயதசமி முடியற வரைக்கும் ஒரு பொம்மையும் நகரக் கூடாது."

"சனிக்கிழமை சண்டை இருக்கே!"

"அலீம் பாயை இங்க வரச் சொல்லுங்க."

சனிக்கிழமை மத்தியானம் அலீம் பாய் தம் படைப் பெட்டியும், தூரம் அளக்கத் தையல்காரர் டேப்பும், பகடையுமாக வந்தார். படியைப் பார்த்தார், பொட்டுகளைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, பிரெஞ்சுக்காரன் எல்லாம் கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டானா?"

சுண்டல் கொடுத்தேன். அவர் தரையில் குப்புறப் படுத்துத் தம் படையை வரிசையாக நிறுத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் தோற்றால் பெட்டி போகும்; பெட்டி போனால் அடுத்த வருஷம் மறுபடி "சிம்பிள்." இந்த மனுஷர் ஜெயிக்க வேண்டும் என்று முருகனிடமே வேண்டிக்கொண்டேன்.

இவர் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். "முன்னேறு..."

"என்னங்க!" என்று ஒரு அதட்டல் போட்டேன். கை திரும்பிப் போயிற்று. அன்றைக்குப் பூராவும் அவரால் செய்ய முடிந்தது பகடை உருட்டுவதுதான். அலீம் பாய் படை படியேற வந்தது, விழுந்தது. மறுபடி வந்தது, மறுபடி விழுந்தது. மேட்டில் இருப்பவன் இந்த முறை இவர் அல்லவா? அசையாமல் இருந்தால் ஜெயிக்கலாம் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

கடைசியில் அலீம் பாய்க்கு ஓர் ஆறு விழுந்தது. "உன் மேளக்காரச் சிப்பாய் செத்தான்! எடு மாணிக்கம்!" என்று இவரைப் பார்த்துக் கத்தினார்.

"எடுக்கக் கூடாது பாய்" என்றேன்.

"சரி, படுக்கவாவது வைங்க."

"படுக்க வைக்கிறது விஜயதசமி ராத்திரிதான். அதுவரைக்கும் யாரும் சாகக் கூடாது."

அலீம் பாய் என்னைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார், இன்னொரு கை சுண்டலை அள்ளிக்கொண்டார். "சாகாதவனோட எப்படி லா சண்டை போடுறது? நீயே ஜெயிச்சுக்க."

இவர் அறைக்குள் குதித்த குதியில் கீழ்க்கடைக்காரர் மேலே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

விஜயதசமிக்கு மறுநாள் இவர் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, படிகள் வெறும் பலகையாகக் கிடந்தன.

"என் படை எங்க? நாளைக்கு அலீமோட ஆட்டம்!"

"பொம்மைப் பெட்டியில பத்திரமா இருக்கு" என்றேன், சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே. "அடுத்த நவராத்திரிக்கு எடுக்கலாம். அதுக்குள்ள குதிரைக்காரங்க கொஞ்சம் வாங்கிப் பெயிண்ட் அடிங்க, கீழ இன்னும் ரெண்டு படி கட்டலாம்னு இருக்கேன்."