தம்பிக்குச் செய்த சோதனை

ஆஸ்பத்திரியின் நரம்புப் பரிசோதனை அறையில் பதினாறு வருடமாக வேலை பார்த்தவள் அக்கா. வயரிங் வேலை செய்யும் தம்பி ஒருநாள் அவளிடமே நோயாளியாக வந்து உட்கார்ந்தான். மூன்று மாதமாக வலது கையில் ஸ்க்ரூடிரைவர் நிற்கவில்லையாம். ஏணியிலிருந்து பிளையர் நழுவி, கீழே நின்றவர் தோளில் விழுந்த பிறகுதான் வந்திருக்கிறான்.

மணிக்கட்டில் மெல்லிய மின்சாரம் கொடுத்தாள். விரல்கள் துள்ளின.

“எனக்கே ஷாக் குடுக்கிறியா?” என்று சிரித்தான்.

மூளையிலிருந்து வரும் செய்தி நரம்பில் மின்சாரமாக ஓடும், நுனியில் ரசாயனமாக மாறி ஒரு சின்ன இடைவெளியைத் தாண்டித் தசையைத் தொடும் என்று விளக்கினாள். கோளாறு அந்த இடைவெளியில் என்றால் மாத்திரை உண்டு. அப்படியே இருக்கட்டும் என்று மனதுக்குள் கெஞ்சியபடி அதற்கான சோதனையை இரண்டு முறை செய்தாள். அங்கே ஒரு குறையும் இல்லை.

பிறகு டாக்டரம்மா வந்து தசையில் ஊசி செருகினார். கையைத் தளர்த்திச் சும்மாதான் வைத்திருந்தான். ஆனாலும் மெஷினின் ஒலிபெருக்கியில் தகரத்தில் தூறல் விழுவதுபோல் சத்தம். தோள், தொடை, நாக்கு, எல்லா இடத்திலும் அதே. தசைகளுக்குச் செய்தி அனுப்பும் செல்களே செத்துக்கொண்டிருந்தன. அக்கா திரும்பி நின்று, சுருட்டி வைத்த வயரை அவிழ்த்து மறுபடி சுருட்டினாள்.

டாக்டரம்மா வெளியே போனதும் அவன் கேட்டான். “மாத்திரை இருக்கிற வியாதிதானேக்கா?”

“இல்லடா.”

கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தான். “வீட்ல நானே சொல்லிக்கிறேன். நீ முந்திக்காத.”

இரண்டு வருடத்தில் கால் போனது, பேச்சு போனது. தொடுவதை உணரும் நரம்புகளை மட்டும் இந்த வியாதி விட்டுவைத்திருந்தது. கொசு கடித்தால் தெரியும், விரட்ட முடியாது. தம்பி மனைவி வேலைக்குப் போகும் பகல்களில் அக்கா லீவு போட்டுப் பார்த்துக்கொண்டாள். வந்ததும் வராததுமாக அவன் கையை அமுக்கி, தசை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்ப்பாள்.

ஒரு மதியம் எழுத்து அட்டையில் அவள் விரலை நகர்த்த, அவன் கண்ணை மூடித் திறந்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்.

“சோதிக்காத. சும்மா புடி.”

பிடித்தாள். சாயங்காலம் அவன் மனைவி வரும்வரை விடவில்லை.

அன்றிலிருந்து பதினோராம் நாள் அவன் மூச்சு நின்றது. எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியவள், வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். இப்போது ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளுக்குச் சீட்டு பதியும் இடத்தில் உட்காருகிறாள்.