முட்டைக்கோஸ் மேல் ஒரு பத்துக் கிலோ பிளேட்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மேலே இருந்து வந்தது. மூன்றாம் மாடியிலிருந்து, என் சமையலறைக் கூரை வழியாக, தொம் என்று. நான் மந்திக்கு, அதாவது எங்கள் ஊர்க் கறிக் கொழுக்கட்டைக்கு, மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்து மாவில் விழுந்தது. பிஷ்கெக்கில் இந்தக் கட்டடங்களைக் கட்டியவர்கள் சுவரைக் காகிதத்தால் கட்டிவிட்டுப் போனார்கள். ஆகவே என்னை வம்புக்காரி என்று யாரும் சொல்லக் கூடாது. நான் கேட்பதில்லை. எனக்குக் கேட்கிறது.

[முதல் தொடக்கம்: "இலையுதிர் காலத்துப் பொன்வெயில் எங்கள் குடியிருப்பின் மீது..." வேண்டாம். அந்த வெயிலை எழுதாதவர்கள் பாக்கியில்லை.]

[இரண்டாம் தொடக்கம்: "நாற்பத்தெட்டு வயதில் உலார்பெக்குக்குத் தோள் முளைத்தது." பிடித்திருந்தது. ஆனால் அடுத்த வரியில் பறந்துவிடுவான் போலிருந்ததால் அடித்துவிட்டேன்.]

மூன்றாவது, சாதாரணமானது: மேல்வீட்டு உலார்பெக் அரிசி விற்கிறவன்.

2

ஓஷ் பஜாரில், உஸ்கென் அரிசி. ஐம்பது கிலோ மூட்டையை ஒரே வீச்சில் தோளேற்றி, நடந்துகொண்டே விலை பேசுவான் என்று பெயர் வாங்கியவன். போன வருஷம் ஒருநாள் மூட்டை ஏறவில்லை. முழங்கால் வரை வந்தது, யோசித்தது, இறங்கிக்கொண்டது.

மூளைக்கு அடியில் கொண்டைக்கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் ஒரு கட்டி. மூக்கு வழியாகவே எடுத்துவிட்டார்கள். வாசல் பெஞ்சில் கூடி ஊர்க்கதை பேசும் பெண்களைப் பொறுத்தவரை அது "மூக்கு ஆபரேஷன்", அதற்குமேல் விசாரிக்க ருசியில்லாத விஷயம். ஆனால் கட்டி போன பிறகு அந்தச் சுரப்பி கோபித்துக்கொண்டது. டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் சொல்லி உடம்புக்கு உத்தரவு போடுவது அதன் வேலை. உத்தரவு நின்றுபோனது. தோளும் தொடையும் கரைந்தன. தொப்பை மட்டும் விசுவாசமாகக் கூடவே இருந்தது. படுக்கையில் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினான்.

"ஊசி போட்டா சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்டான்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "குறைஞ்சதை நிரப்பும். அதுக்குமேல ஊசிக்கு வேலை இல்ல. நாற்காலியில உக்காந்துகிட்டே ஊசி போட்டா, ஊசி போட்ட தொப்பைதான் மிச்சம். எடை தூக்குங்க. கறி, முட்டை, தூக்கம் மூணும் வேணும். ரத்தம் கெட்டியாகுதான்னு அப்பப்ப வந்து பரிசோதனை பண்ணிக்கணும். யாராவது ரெண்டு மடங்கா போட்டுக்கச் சொன்னா, அவங்களையே போட்டுக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தான். ஜிபார் கதவைத் திறந்தாள். அவன் பெண்டாட்டி. அட்-பாஷியில் ஆட்டு டாக்டருக்கு மகளாகப் பிறந்து, கல்யாணத்துக்கு முன் அப்பாவோடு மலை மேய்ச்சலில் மந்தை மந்தையாக ஆடுகளுக்கு ஊசி போட்டவள். அதைச் சொல்லாமல் அவள் ஒரு விருந்தையும் முடித்ததில்லை.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"மூக்கு நல்லா ஆறிடுச்சாம்."

[இந்த இடத்தில் ஒரு பக்கம் மனக்குமுறல் எழுதியிருந்தேன். "தன் ஆண்மை ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் அடைபட்டுக் கிடப்பதை அவன்..." கிழித்துவிட்டேன். அரிசி வியாபாரி அப்படி யோசிக்க மாட்டான். மூட்டை நிறைவா, காலியா, அவ்வளவுதான் அவன் கணக்கு. தான் காலி என்று நினைத்தான். காலி மூட்டையை யாராவது பிரித்துக் காட்டுவார்களா?]

3

எங்கள் கட்டடங்களில் வாசலுக்கு வாசல் ஒரு ஊசிக்காரி உண்டு. இருமலோ இடுப்புப் பிடிப்போ, மருந்தை வாங்கிக்கொண்டு அவள் கதவைத் தட்டுவோம். எங்கள் வாசலில் அது நைலா. ஓய்வுபெற்ற, தாத்தார் இனத்து நர்ஸ், விதவை, குப்பை கொட்டப் போனாலும் உதட்டுச் சாயம் இல்லாமல் போகாதவள். ஒரே குறை, பேச மாட்டாள். எத்தனை கிண்ணம் தேநீர் ஊற்றினாலும் அவளிடமிருந்து ஒரு சொல் பெயராது.

மற்றவர்கள் ஊசி மருந்தைக் கையில் ஆட்டிக்கொண்டு போவார்கள். உலார்பெக் அதைச் சட்டைப்பைக்குள் அமுக்கி, இடதும் வலதும் பார்த்து, பூனை மாதிரி அவள் வீட்டுக்குள் நுழைந்தான். வரும்போது முகம் சிவந்து வந்தான். மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே பூனை.

பெஞ்சு கூடியது.

"புது டிராக் பேன்ட்டைப் பாத்தீங்களா?"

"பார்த்தேன். வயித்தை வேற உள்ள இழுத்துக்கிட்டு நடக்குறான்."

"இந்த வயசுல ஆம்பளை வயித்தை உள்ள இழுத்தா ரெண்டே காரணம். ஒண்ணு வயித்துவலி."

"ரெண்டாவது?"

"தோகோல்."

[தோகோல் என்றால் இரண்டாம் பெண்டாட்டி. சட்டத்தில் கிடையாது. பெஞ்சில் உண்டு. அந்தச் சொல்லை முதலில் சொன்னது யார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாத தகவல்.]

இனி நீங்கள் உலார்பெக்கின் மேல் கொஞ்சம் கோபப்படலாம். நான் பட்டேன். கார் ஷெட் பக்கம் நின்ற ஆம்பளைகள் அவனை அண்ணன் முறையில் 'பைகே' என்று கூப்பிட்டு, "என்ன உலார் பைகே, முகத்துல வெளிச்சம்! ரெண்டு அடுப்புச் சாப்பாடா?" என்று கேட்டபோது, "சீ, போடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும். அவன் சொல்லவில்லை. மீசையைத் தடவினான். தடவிய விரலுக்கு அடியில் ஒரு சிரிப்புக் கசிந்தது.

ஊசிக்காரன் என்பதைவிட இரண்டு வீட்டுக்காரன் என்பது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் இது. செய்யாத பாவத்துக்குப் பெருமையாக நின்றான்.

4

எதிர்க் கட்டடத்தின் நிலவறையில் லியோன்யா ஜிம் வைத்திருக்கிறான். பழைய பளுதூக்கும் வீரன், கழுத்து என்ற உறுப்பு இல்லாதவன். [அங்கே நடந்ததை லியோன்யாவே சொன்னான். ஒரு தட்டு மந்திக்கு அவன் எதையும் சொல்வான்.]

முதல் நாள் உலார்பெக் ஜம்பமாகப் பாரில், அதாவது எடைக் கம்பியில், இரும்புப் பிளேட்டுகளை நிறைய ஏற்றினான். லியோன்யா எல்லாவற்றையும் கழற்றி, வெறும் கம்பியைக் கையில் கொடுத்தான்.

"இதையா? நான் அரிசி மூட்டை தூக்கினவன்டா!"

"தூக்கின-வன்," என்றான் லியோன்யா. "இப்ப உக்காந்து எழுந்திரு பைகே. முதுகு வளையாம."

வெறும் கம்பியோடு ஸ்குவாட் செய்ததில் மறுநாள் படி இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில், நண்டு மாதிரி இறங்கினான். [பெஞ்சு இதற்கும் ஒரு பொருள் கண்டுபிடித்தது. இங்கே எழுதத் தகாது.]

ஆனால் விடவில்லை. கம்பிக்கு ஒரு பிளேட் வந்தது. பிறகு இன்னொன்று. கம்பியைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் பழகினான். மூட்டையை இத்தனை காலம் முதுகால் தூக்கிக்கொண்டிருந்ததும், தூக்கவேண்டியது தொடையால் என்பதும் நாற்பத்தெட்டு வயதில் தெரிந்தது. குதிரைக்கறி, முட்டை, கெட்டித் தயிர் என்று தின்றான். பத்து மணிக்குக் குறட்டை விட்டான். பக்கத்தில் தூக்கிக்கொண்டிருந்த ஒருவன், "பைகே, ஊசி போட்டுக்குங்க, சீக்கிரம் ஏறும்" என்றபோது, "நீயே போட்டுக்க" என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி சொன்னான்.

"மருந்துன்னா மாவு மாதிரி," என்று லியோன்யா சொன்னானாம். "பிசையறது யாரு? நீதான். வியர்வை ஊத்திப் பிசை."

வீட்டிலும் பிசைய ஒரு கம்பியும் நாலு பிளேட்டும் வாங்கிப் பால்கனியில் போட்டான். என் மாவில் சுண்ணாம்பு விழுந்தது அன்றுதான்.

பிறகு ஒரு காலை, பஜாரில், அந்த ஐம்பது கிலோ. குனிந்தான். முதுகை நிமிர்த்தி, தொடையை அழுத்தி, மூச்சை வயிற்றில் நிறுத்தி... ஏறிவிட்டது. தோளில் மூட்டை உட்கார்ந்ததும் சிரித்துவிட்டான். பக்கத்துக் கடை பெக்தூர், "என்னய்யா சிரிப்பு, கல்லு கலந்துட்டியா அரிசியில?" என்று கேட்டான்.

மூட்டையை இறக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான் உலார்பெக். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரிடம்? சொல்ல ஆசைப்பட்ட ஒரே ஆளிடம், "மூக்கு ஆறிடுச்சு" என்று சொல்லி வைத்திருந்தான்.

5

ஜிபாரின் காதுக்குச் செய்தி ரொட்டி அடுப்பு வரிசையில் எட்டியது. அவள் அழவில்லை. இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள்.

அது குளிர்காலத்துக்குக் கோஸைப் புளிக்கப் போடுகிற பருவம். முட்டைக்கோஸைச் சீவி, கேரட் துருவி, உப்புப் பிசறி எனாமல் பானையில் அமுக்கினாள். மேலே பாரம் வைக்க வழக்கமாக ஆற்றுக்கல் உண்டு. இந்த முறை கல்லைத் தேடவில்லை. பால்கனிக்குப் போய்ப் பத்துக் கிலோ பிளேட் ஒன்றைக் கழற்றினாள். வெந்நீரில் மூன்று முறை கழுவி, துணியில் சுற்றி, கோஸ் மேல் வைத்தாள்.

சாயந்திரம் அவன் தேடினான்.

"இங்க இருந்த பிளேட் எங்க?"

"வேலை செய்யுதுங்க."

[கோபம் வந்தால் ஜிபாருக்கு மரியாதை கூடும். "ங்க" வரத் தொடங்கினால் அந்த வீட்டில் பீங்கானை எடுத்து உள்ளே வைப்பது நல்லது.]

அவன் பானையைப் பார்த்தான். "அது ஜோடிடி. ஒண்ணு இல்லாம பார் ஒரு பக்கமா சாயும்."

"அப்படிங்களா? ஒரு பக்கமா சாயறது கஷ்டமா இருக்குங்களா?"

அவன் பானைத் துணியைச் சரிசெய்தான்.

"யாருக்காகங்க இந்த உடம்பு?"

இதற்கு அவனிடம் பதில் இருந்தது. உனக்காகத்தான் என்பது. ஆனால் அதை மட்டும் தனியாக எடுக்க முடியாது. இழுத்தால் பின்னாலேயே குப்பி வரும், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த ராத்திரிகள் வரும், காலி மூட்டை வரும்.

"சரிங்க," என்றாள். "கோஸ் புளிக்கட்டும். புளிச்சதும் உங்களுக்கு ஜாடியில போட்டு வச்சுட்டு நான் அட்-பாஷிக்குத் தம்பி வீட்டுக்குப் போறேன். குளிர்காலத்துக்கு கோஸ் இல்லாம விட்டுட்டுப் போனாள்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

அன்று முதல் அவன் தினமும் பானையைப் போய் முகர்ந்து பார்த்தான். நுரை வர வர அவன் முகம் வெளுத்தது.

6

கதை இப்படி இறுகி வரும்போது எழுதுகிறவளுக்கு ஒரு சௌகரியமான விபத்து வேண்டும். நல்லவேளை, நைலாவின் மகளுக்குக் கஸானில் பிரசவம். நைலா கிளம்பத் தயாரானாள். அடுத்த ஊசிக்குத் தேதி நெருங்கியது.

"ஊசி யாரு போடுவா எஜே?" என்று, அக்கா முறை வைத்து, அவள் வாசலில் நின்று கேட்டிருக்கிறான்.

பேசாதவள் அன்று பேசினாள். "மந்தைக்கே போட்டவ உன் வீட்டுல இருக்கா. என்னைக் கேக்குறியே."

[மாற்று வழி ஒன்று: அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போட்டுக்கொள்கிறான். நியாயமானது, சுகாதாரமானது, நாலே வரியில் முடிந்துவிடும். ஆனால் ஜிபார் அட்-பாஷிக்குப் போய்விடுவாள். வேண்டாம்.]

[மாற்று வழி இரண்டு: தானே போட்டுக்கொள்கிறான். இது உண்மையிலேயே நடந்தது. குளியலறையில் ஊசியைப் பார்த்ததும், ஐம்பது கிலோ தூக்குகிறவன், வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வாளி உருண்ட சத்தம் எனக்குக் கேட்டது.]

மாற்று வழி மூன்றை நான் யோசிப்பதற்குள் என் கதவு தட்டப்பட்டது.

உலார்பெக் நின்றான். கையில் சின்னப் பெட்டி.

"எஜே, நீங்க என்னைப் பத்தி எழுதுறீங்களாமே."

"யாரு சொன்னா?"

"சுவரு மெல்லிசு. எழுதினதை நீங்க சத்தமா படிக்கிறீங்க."

[இதை நான் யோசிக்கவே இல்லை. சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு.]

உள்ளே வந்து உட்கார்ந்தான். தேநீர் ஊற்றினேன். பெட்டியை மேஜைமேல் வைத்து, கட்டியிலிருந்து வாளி வரை எல்லாம் சொன்னான். இத்தனை நேரம் நீங்கள் படித்தது அதுதான். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய செய்தி, கேட்காமலே, என் மேஜைக்கு வந்திருந்தது.

"கதையில வேணும்னா தோகோல்னே இருக்கட்டும் எஜே," என்றான். "ஊசின்னு எழுதாதீங்க."

"ஏன்டா?"

"தோகோல்னா கார் ஷெட்டுல எனக்கு முதல் கிண்ணம் ஊத்துறானுங்க. ஊசின்னு தெரிஞ்சா அய்யோ பாவம்பானுங்க."

"மேல ஜிபார் என்ன ஊத்துறா?"

கிண்ணத்தைச் சுற்றினான்.

"கோஸ் புளிச்சிருச்சு," என்றான். "இன்னிக்கு ருசி பார்த்தா. பையைக் கட்டி வச்சுட்டா." பிறகு பெட்டியை என் பக்கம் நகர்த்தினான். "எஜே, உங்களுக்கு ஊசி போடத் தெரியுமா?"

இந்த ஒரு கேள்விக்கு நான் தலையாட்டினால் போதும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கதாநாயகன் என் வீட்டுக்கு வருவான். எல்லாச் செய்தியும் முதலில் என்னிடம் வரும். கதை முடியவே வேண்டியதில்லை.

"தெரியாதுடா," என்றேன். "தெரிஞ்சவ ஒருத்திதான் இருக்கா. மாடி ஏறு."

"என்னன்னு சொல்றது அவகிட்ட?"

"ஒண்ணும் சொல்லாதே. பெட்டியை நீட்டு. படிக்கத் தெரிஞ்சவதானே."

எழுந்தான். நைலா எப்போதும் அந்த எண்ணெய் மருந்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித்தான் போடுவாளாம், இல்லாவிட்டால் வலிக்குமாம். அவன் இத்தனை நேரம் இறுக்கிப் பிடித்திருந்ததில் பெட்டியே வெதுவெதுப்பாக இருந்தது.

[எனக்கு ஊசி போடத் தெரியும். எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். இதை நீங்கள் பெஞ்சில் சொல்ல வேண்டாம்.]

7

படிகளில் அவன் காலடி கேட்டது. நண்டு நடை இல்லை, நேராக ஏறினான். பாதியில் நின்றான். மறுபடி ஏறினான். கதவு திறந்தது. ஜிபாரின் குரல் ஏதோ கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. ஒரு பெட்டியின் மேல் எழுதியிருப்பதை ஒருத்தி இரண்டு முறை படித்து முடிக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை.

நான் இதற்கு ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். அதில் ஜிபார், "திரும்பி நில்லுங்க. அட்-பாஷி கிடா கூட இப்படி நடுங்கினதில்ல" என்கிறாள். அவன், "ஜிபார், நான் மூட்டை தூக்கிட்டேன் தெரியுமா" என்கிறான். "அசையாதே" என்கிறாள், "ங்க" இல்லாமல். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் நான் அதைக் கேட்கவில்லை, கேட்க ஆசைப்பட்டேன். இரண்டும் ஒன்றல்ல என்று இந்த வயதிலாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

நிஜமாகக் கேட்டது இவ்வளவுதான். கூரையில், அடுப்புப் பக்கம், பத்துக் கிலோ இரும்பு ஒன்று தரையில் வைக்கப்பட்டது. போடப்படவில்லை, மெதுவாக வைக்கப்பட்டது. சுண்ணாம்புகூட உதிரவில்லை.

கோஸை ஜாடியில் அள்ளிவிட்டுக் கிளம்ப ஜிபார் அதை இறக்கியிருக்கலாம். ஜோடி சேர்க்க அவனிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

நாற்காலிமேல் ஏறிக் கூரையில் காதை வைத்தால் தெரிந்துவிடும். நாற்காலி இதோ இருக்கிறது, கால் ஆடாது, எத்தனையோ கதைகளைத் தாங்கியது. நான் ஏறவில்லை. மாவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், வேண்டுமென்றே சத்தமாக.

நீங்கள் வேண்டுமானால் ஏறுங்கள். கேட்டதை என்னிடம் சொல்ல வேண்டாம்.

[சொல்லுங்கள். பெஞ்சில் யாரும் இல்லாதபோது வந்து சொல்லுங்கள்.]