கேரட்டுக்குப் பந்தயம் வைத்த மீசை

தொழிற்சாலை கேன்டீனில் காய்க்கென்று இரண்டு அடுப்புகள். ஒன்றில் கொழுந்தன் கேரட் வேகவைப்பான், மற்றதில் அண்ணி முட்டைக்கோஸ். அன்று காலை மேலாளர் வந்தார். ஒரு அடுப்பைக் கழற்றப் போகிறார்களாம். நாளையிலிருந்து ஒரே காய்தான், எது சத்தோ அதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொழுந்தனுக்கு வாய் சும்மா இருக்காது.

“கேரட்டு தோத்துதுன்னா மீசைய எடுத்துடறேன் அண்ணி.”

“எடுத்துட்டா மூஞ்சியில அப்புறம் என்ன இருக்கும் தம்பி?”

அரும்பிய நாளிலிருந்து ஒருமுறைகூட மழிக்காத மீசை. அது இல்லாத முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. சொன்ன பிறகுதான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

முதலுதவி அறை நர்சம்மாவை நடுவராக்கினார்கள். அவர் ஊட்டச்சத்து அட்டவணையோடு வந்து, வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“வைட்டமின் ஏ-ல கேரட்டு எங்கேயோ இருக்கு. கோஸு கிட்டயே வர முடியாது.”

கொழுந்தன் மீசையை முறுக்கினான்.

“வைட்டமின் சி, கே, ரெண்டுலயும் கோஸுதான் மேல. நார்ச்சத்து ஏறக்குறைய சமம்.”

கை கீழே இறங்கியது.

“கோஸை எப்படி வேகவைக்கிறீங்க?”

“தண்ணிய நிறைய வச்சு. வாடை அடிக்குதுன்னு அந்தத் தண்ணியக் கொட்டிடுவோம்” என்றாள் அண்ணி.

“சி சத்துல ஒரு பங்கு அதோட போயிடுமே.”

“அப்படிப் போடுங்க” என்றான் கொழுந்தன்.

“தூக்கிக் கொட்டுறது யாரு? நீதானே? நீ கொட்டினதுக்கு என் கோஸு என்ன பண்ணும்?”

அண்டா கனம் என்று தினமும் அவன்தான் தூக்குவான்.

நர்சம்மா எழுந்தார். “இந்தப் பேப்பர் காயில என்ன இருக்குன்னுதான் சொல்லும். வயித்துக்குள்ள என்ன போச்சுன்னு எச்சில் வாளிதான் சொல்லணும். சாப்பாடு முடியட்டும்.”

மதிய வேளை முடிந்தது. மூவரும் வாளியைச் சுற்றி நின்றார்கள். கோஸ் இரண்டு இழை ஓரத்தில் ஒட்டியிருந்தது. மற்றபடி விளிம்புவரை கேரட். கட்டை விரல் தடிமனில் வில்லை வில்லையாக, கடித்த அடையாளத்தோடு.

“கண்ணுக்கு ரொம்ப நல்லது” என்றாள் அண்ணி. “நம்ம வாளிக்கு இனிமே கண்ணாடியே தேவைப்படாது.”

நர்சம்மா திரும்பி நின்று சிரித்தார். வாளி பொய் சொல்லாது.

மறுநாள் வழித்த முகத்தோடு கரண்டி பிடித்தான். மூக்குக்குக் கீழே வெளுத்த பட்டை. வரிசையில் முதலில் வந்த வெல்டர் தட்டை நீட்டினார்.

“புதுசா சேர்ந்தீங்களா? அந்தக் கேரட்டுக்காரர் லீவா?”

“லீவு” என்றான்.

“நல்லவருதான். ஆனா அவரு போடுற கேரட்டைக் கடிச்சா பல்லு ஆடுது. முகத்துக்கு நேரா சொல்ல முடியுமா? அந்த மீசையப் பார்த்தாலே பயம்.”

பின்னால் நின்றவர் சேர்ந்துகொண்டார். “மெல்லிசா நறுக்கினா யாரு வேணாம்னாங்க?”

மூன்று வருஷத்தில் ஒருவரும் சொல்லாததை மீசை போன முதல் நாளே இருபது பேர் சொன்னார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் கோஸை அள்ளி வைத்துக்கொண்டே அத்தனையும் கேட்டுக்கொண்டான்.

சாயங்காலம் மேடையில் அண்ணியின் கோஸ் சீவும் கட்டை இருந்தது. அவன் ஒரு கேரட்டை எடுத்து அதில் இழுத்தான். மெல்லிய இழையாக விழுந்தது.

“என்ன தம்பி, மறுபடியும் பந்தயமா?”

“ரெண்டையும் ஒரே அண்டாவுல போட்டா ஒரு காய்தானே அண்ணி?”

“தண்ணி?”

“கொஞ்சமா வச்சு மூடிடலாம். கொட்டவே வேணாம்.”

அவள் அவனுடைய வழித்த முகத்தைப் பார்த்தாள்.

“சரி. ஆனா மீசை வேணாம். இப்பதான் உனக்குக் காது கேக்குது.”