கயிறு கொடுக்கிற வழக்கம் இல்லை

சூசைமேரி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேப்பனப்பள்ளியில் அப்பா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. போகும்போது அழவில்லை, சண்டை போடவில்லை. "அந்தப் பொட்டி இந்த வூட்ல இருக்கற வரைக்கும் நான் இருக்க மாட்டேன். அது போனதும் ஆள் அனுப்புங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

பொட்டி என்று அவள் சொன்னது எலெக்ட்ரிக் கிட்டாரை. 1968-ல் ஓசூரில் கிட்டார் என்றாலே பாதிப் பேர் முழிப்பார்கள். அதிலும் இது கரண்டில் பாடுகிற ஜெர்மன் கிட்டார், செம்பருத்திச் சிவப்பு. கோலார் தங்கவயலில் டான்ஸ் பாண்டு வாசித்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது, தன் பழைய காருக்கு ஒயரிங் செய்து கொடுத்த அவள் புருஷன் இன்னாசிமுத்துவுக்குக் கூலிக்குப் பதிலாகத் தந்துவிட்டுப் போனது. பெங்களூரில் பெரிய பெரிய ஓட்டல்களில் வாசிக்கிறவர்களிடம்கூட அப்படி ஒன்று கிடையாது.

இன்னாசிமுத்துவுக்குப் பெங்களூர் ரோட்டில் லாரிப் பட்டறையில் எலெக்ட்ரீஷியன் வேலை. நல்ல வேலைக்காரன். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், கால் தரையில் நிற்காது. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் பஸ்ஸில் தொற்றிக்கொள்வான். எந்த பாண்டில் ஆள் குறைகிறதோ அதில் நின்றுகொண்டு வாசிப்பான். ஞாயிறு வருவான், சில சமயம் திங்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் வைத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து சேர்ந்தபோது கோயிலில் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள். தகப்பன் எங்கே, தகப்பன் எங்கே என்று சாமியார் கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஊரே பார்க்க மேரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாளாம். அதற்குப் பிறகுதான் அந்த நிபந்தனை. அவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

விற்றுவிடுகிறேன் என்று சத்தியம் செய்தான். விற்றானா? கிருஷ்ணகிரியிலிருந்து நாடகக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். அவர் கை வியர்க்கிறது, கம்பி துருப்பிடித்துவிடும் என்று அனுப்பிவிட்டான். மாலூர்க்காரர் ஒருவர் கன்னடத்தில் நயமாகக் கேட்டுப் பார்த்தார். அவருக்குச் சுருதி தெரியாது என்றான். கிட்டாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறமாதிரி ஒவ்வொருவரிடமும் ஒரு நொட்டை. ராத்திரி படுத்தால் பிள்ளையின் முகம் வருகிறது, எழுந்து உட்கார்ந்தால் மூலையில் பெட்டி தெரிகிறது. சோறு இறங்கவில்லை. பட்டறையில் ஒரு லாரிக்கு முன்விளக்கு ஒயரைக் கொண்டுபோய் ஹாரனில் மாட்டிவிட்டான். விளக்குப் போட்டால் லாரி அலறியது. மேஸ்திரி அவனைத் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறித் திட்டினார். இந்த மாதிரி ஆளை எங்கே கொண்டுபோய் அடிப்பது?

கடைசியில் மாட்டுத் தரகர் லால் பாஷாதான் கையைப் பிடித்தார். ஓசூர்ச் சந்தையில் அவர் கைபடாமல் ஒரு ஜோடி எருது விலை போகாது.

"இன்னாசி, நீ விக்கவே மாட்டே. நீ பேசாத இரு, நான் வித்துத் தர்றேன். பொஞ்சாதி வேணுமா, கட்டை வேணுமா?"

"பொஞ்சாதிதான் பாய்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு நில்லு."

சனிக்கிழமை காலையில் பெங்களூர் கண்டோன்மெண்டிலிருந்து சின்னராஜ் என்பவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஓட்டலில் வாசிக்கிறவர், நல்ல கை. இன்னாசிமுத்து ஒயரை மாட்டி, பழைய ரேடியோவில் சேர்த்து, ஒரு பாட்டு வாசித்துக் காட்டினான். சின்னராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இந்த ஆளிடம் சொல்ல ஒரு குறையும் இல்லையே என்று இன்னாசிமுத்து அவர் விரல்களையே பார்த்தான்.

லால் பாஷா தோளில் கிடந்த துண்டை உதறினார். மாட்டு வியாபாரம் போலவே சின்னராஜின் கையைத் துண்டுக்குள் இழுத்து, விலை சொல்ல விரலைப் பிடித்தார். சின்னராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னா பாய் இது, எனக்கு ஒண்ணும் புரியலை" என்றார். "புரியும், புரியும்" என்று பாய் விரலை அமுக்கி, காதில் ஏதோ சொல்லி, பிறகு இன்னாசிமுத்துவின் விரலைப் பிடித்து விலையை முடித்தார். தொகை அந்தத் துண்டுக்குத்தான் தெரியும்.

சின்னராஜ் கிட்டாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். பாய் அதிலிருந்து கழற்றிப் போட்டிருந்த ஒயரை எடுத்துச் சுருட்டி இன்னாசிமுத்துவின் கையில் திணித்தார்.

"மாட்டை வித்தா கயிறு கொடுக்கற வழக்கம் இல்லை. கயிறு நம்ம வூட்லயே இருக்கணும். வாங்கறவர் புதுக்கயிறு போட்டுக்குவாரு."

"ஒயர்தானே, எந்தக் கடையிலயும் கிடைக்கும்" என்று சின்னராஜ் தலையாட்டிவிட்டார்.

கிடைக்காது. அது இன்னாசிமுத்துவுக்குத் தெரியும். ஜெர்மன்காரன் அந்தக் கிட்டாருக்கு மட்டும் மூன்று முள் வைத்துத் திருகிப் பூட்டுகிற முனை வைத்திருந்தான். ஒருமுறை ஒயர் அறுந்தபோது பெங்களூர் முழுக்கத் தேடியும் அந்த முனை கிடைக்காமல், பழைய முனையையே பற்றவைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த ஒயர் இல்லாவிட்டால் கிட்டார் ஊமை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மூடிக்கொண்டான்.

அன்றைக்கே வேப்பனப்பள்ளி பஸ் கண்டக்டரிடம் மேரிக்குச் சேதி சொல்லி அனுப்பினான். பெட்டி போய்விட்டது என்று சந்தோஷப்பட வேண்டியவன், ஒயரை வைத்துக்கொண்டு அல்லாடினான். ஆணியில் மாட்டினான். எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டான். யாருக்குப் பயந்து ஒளிக்கிறோம் என்று தன்மேலேயே கோபம் வந்து மறுபடி ஆணியில் மாட்டினான்.

திங்கட்கிழமை காலை மேரி வந்துவிட்டாள். வந்ததும் மூலையைத்தான் பார்த்தாள். காலியாக இருந்தது. அவள் முகம் மலர்ந்தது. இன்னாசிமுத்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். மூன்று மாதத்தில் கனத்திருந்தது. அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது. மேரி அடுப்பைப் பற்றவைத்துக் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

"இதென்ன, ஆணியில?"

"அதோட ஒயரு. லால் பாய் மாட்டு யாவாரமாட்டம் கயிறு கொடுக்கக் கூடாதுன்னுட்டாரு."

அவள் சிரித்துவிட்டாள். "அவருக்கு எல்லாமே மாடுதான்!"

தண்ணீர் கொதிப்பதற்குள் வாசலில் சின்னராஜ் வந்து நின்றார். கையில் அதே பெட்டி. இரண்டு நாள் அலைந்த அலைச்சல் முகத்தில் தெரிந்தது.

"அண்ணே, அந்த ஒயரு வேணும். இது பேச மாட்டேங்குது. எந்தக் கடையிலயும் அந்த முனை இல்லை. ரேடியோக்காரன் இதோட உடம்புல துளை போட்டு வேற முனை வைக்கலாங்கறான். இதைப் போயி எவனாச்சும் துளைப்பானா? ஒயரைக் குடுங்க, இல்லாட்டி பொருளை நீங்களே திருப்பி வாங்கிக்குங்க."

திருப்பி வாங்கிக்குங்க! அந்த ஒரு சொல்லில் இன்னாசிமுத்துவின் நெஞ்சு குதித்த குதிப்பைச் சொல்லி முடியாது.

"ஒயரா?" என்றான். "அது எங்கியோ போயிடுச்சே."

பொண்டாட்டியை அடுப்படியில் வைத்துக்கொண்டு சொன்னான், பாவி. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

மேரி ஆணியிலிருந்து ஒயரை எடுத்து வந்து, "இந்தாங்கண்ணா" என்று சின்னராஜிடம் நீட்டினாள். அவர் இவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனுஷன், ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"அது இல்லாம பேசாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று மேரி கேட்டாள்.

இன்னாசிமுத்து பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு நின்றான்.

"நானும் மாட்டுக்காரர் வூட்டுப் பொண்ணுதாங்க. கயித்தை எதுக்கு வைச்சுக்குவாங்கன்னு எனக்குத் தெரியாதா? திரும்ப மாடு வரணும்னுதான்." பிள்ளையை வாங்கிக்கொண்டாள். இன்னும் அவிழ்க்காத துணி மூட்டையைத் தூக்கினாள். "பொட்டி போயிடுச்சு. நீங்கதான் இன்னும் வூட்டுக்கு வரல. வந்தப்புறம் சொல்லியனுப்புங்க."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்குவதா, அவள் பின்னால் ஓடுவதா என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றினான். பிறகு விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, போட்டிருந்த பனியனோடு ஓடினான்.

வேப்பனப்பள்ளி பஸ் புறப்பட உறுமிக்கொண்டு நின்றது. ஏறிவிட்டான். மேரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூட்டையை வைத்திருந்தாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ் ஊரைத் தாண்டுகிற வரைக்கும் அவள் திரும்பவே இல்லை.

"எதுக்கு அந்தாளுகிட்ட அன்னிக்கே சொல்லல?" என்று வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

எத்தனையோ சாக்கு வாயில் வந்தது. பாய் சொன்னார், மறந்துவிட்டேன், அவசரத்தில் விட்டுப்போச்சு. எல்லாவற்றையும் விழுங்கினான்.

"குடுக்க மனசு வரல மேரி. இப்பவும் வரல. நீ எடுத்துக் குடுத்தியே, அப்ப உன்மேல எனக்கு அப்படி ஆத்திரம் வந்துச்சு. அது போயிடுச்சுன்னு வயிறு எரியுது. எரிஞ்சா எரியட்டும். நீயும் பிள்ளையும் இல்லாத வூட்ல என்னால இன்னொரு நாள் இருக்க முடியாது."

பக்கத்து இருக்கைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும். இன்னாசிமுத்துவின் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

மேரி முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கதவைப் பூட்டினீங்களா?"

"இல்ல."

"அடக் கர்த்தரே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கண்டக்டர் வந்து நின்றார். இன்னாசிமுத்து பனியனைத் தடவினான். அதில் ஏது ஜேப்பு? மேரி மூட்டையை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"வேப்பனப்பள்ளிக்கு ரெண்டு" என்றாள்.