என் பங்குக்கு வந்த கார்

ஆறு வருடம் எங்கள் வாசலில் ஒரு வெள்ளை ஜெர்மன் கார் நின்றது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்தது. அப்பா தாணுலிங்கம் தூத்துக்குடியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறவர். அவர் தேடிப் பிடித்த மருமகன் முத்துச்செல்வமோ, சாயர்புரத்தில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். வாத்தியார் சம்பளத்துக்கு அந்தக் காரின் டயரைக்கூட மாற்ற முடியாது என்று அப்பாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தாணுலிங்கம் மருமகன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான் என்று பஜாரில் யாரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்னைப் பத்திர ஆபீஸுக்கு அழைத்துப் போனார்கள். துறைமுகம் போகிற ரோட்டில் தாத்தா வழியில் வந்த இடம் ஒன்று உண்டு. அன்றைக்கு அது வெறும் உடைமுள் காடு. அதில் எனக்குள்ள பங்கை என் அண்ணன் செந்தில்முருகனுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வைத்திருந்தார்கள்.

"காரும் நகையும்தான் உன் பங்குளா. முள்ளுக்காட்ட வச்சு நீ என்ன செய்யப்போற?" என்றார் அப்பா.

கல்யாண மயக்கத்தில் இருந்தேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

நகை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். காருக்குள் போயிற்று. எங்கள் தெரு உப்பளத்துக்குப் போகிற வழி. உப்பு லாரிகள் ரோடு முழுக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும், அந்தத் தண்ணீர் காரின் அடியை அரித்துத் தின்றது. இங்கே அதைப் பிரித்துப் பார்க்க ஆள் கிடையாது, மதுரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஆயில் மாற்றப் போனால் முப்பதாயிரம். ஒருமுறை எலி ஒயரைக் கடித்துவிட்டது, அதற்கு அறுபதாயிரம் தீட்டினார்கள். எங்கள் வீட்டு வாடகை எட்டாயிரம். என் வளையல்கள் இன்சூரன்ஸுக்குப் போயின, ஆரம் நாலு டயராக மாறியது, நெக்லஸ் சஸ்பென்ஷனுக்குப் போயிற்று. சஸ்பென்ஷன் என்றால் என்ன என்றே அதுவரை எனக்குத் தெரியாது.

இவ்வளவும் செய்து அந்தக் காரில் நாங்கள் எங்கே போனோம்? என் வீட்டுக்காரர் கல்லூரிக்கு ஸ்கூட்டரில்தான் போனார். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகுமா? அப்பா வழிச் சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்றால் மட்டும் கார் வெளியே வரும். அப்பா மண்டப வாசலில் நின்று, எங்களைப் பார்க்குமுன் காரைப் பார்ப்பார்.

விற்றுவிடலாம் என்று அப்பாவிடம் பலமுறை கேட்டேன். "வித்தீங்கன்னா என் மொகத்துல முழிக்காதீங்க" என்றார். நான் லேப் டெக்னீஷியன் படித்தவள். சொந்தமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் வைக்க மூன்று லட்சம் கடனாகத் தாருங்கள் என்று போன வருடம் அவர் கடைக்குப் போய் நின்றேன். உளுந்து மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே, "உனக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்தப் பங்குனியில் காரின் கியர் பாக்ஸ் படுத்துவிட்டது. மதுரையில் மூன்றரை லட்சம் கேட்டார்கள். காசிலிங்கம் என்று ஒரு கார் புரோக்கர் வீட்டுக்கு வந்து பார்த்தார். குனிந்து அடியில் டார்ச் அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இப்படியே தாங்க, அஞ்சு லட்சம். அடுத்த வருசம் மூணுகூடத் தேறாதும்மா. அடிப்பக்கம் பூரா துரு."

அந்த ஐந்து லட்சம்தான் என் பங்கில் மிச்சம். அதுவும் நாளுக்கு நாள் துருவாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதையாவது கையில் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு வந்துவிட்டது.

அந்த வாரமே அப்பாவிடமிருந்து போன் வந்தது. அண்ணன் புதுக் குடோன் கட்டியிருக்கிறான், வெள்ளிக்கிழமை திறப்பு விழா. எங்கே? அந்த முள்ளுக்காட்டில்தான். இப்போது அங்கே சென்ட் என்ன விலை போகிறது என்பது ஊருக்கே தெரியும்.

"வியாபாரிச் சங்கத்து ஆளுவ எல்லாரும் வாராவ. மாப்பிள்ள கார்லதான் வந்து எறங்கணும்" என்றார் அப்பா.

"கார் ஓடாதுப்பா. கியர் போச்சு."

"சரி பண்ணுங்க. இன்னும் நாள் கெடக்குல்லா?"

"காசு யாரு தருவா?"

"இருக்க நகைய அடகு வைங்க. பொறவு திருப்பிக்கிடலாம்."

என்னிடம் இருந்தது தாலிச்செயின் ஒன்றுதான். அதை அடகு வைத்து, எனக்குக் கிடைக்காமல் போன இடத்தின் திறப்பு விழாவுக்கு ஒய்யாரமாக வந்து இறங்க வேண்டுமாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை காரில்தான் போனேன். கார் போனது, பழுதான வண்டிகளை ஏற்றிப் போகிற ரெக்கவரி வண்டியின் மேலே. கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, அந்த வண்டி டிரைவர் சுடலைமாடன் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார்.

வாழைமரம், பந்தல், நாதஸ்வரம், வெள்ளை வேட்டிகள். ரோட்டோரத்தில் பர்மா உளுந்து ஏற்றிய லாரிகள் மாலை போட்டு நின்றன. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முதல் லோடு உள்ளே போக வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தாராம். நான் ரெக்கவரி வண்டியிலிருந்து குதித்ததும் நாதஸ்வரக்காரரே ஒரு நொடி நிறுத்திவிட்டார்.

அப்பா ஓடிவந்தார். "என்னளா இது? மானத்த வாங்கணும்னே வந்தியா?"

"கார்ல வரச் சொன்னீங்க. கொண்டுவந்திருக்கேன்."

"வாயப் பாரு! ஏலே டிரைவரு, விழா முடியவும் இத மதுரைக்குக் கொண்டு போ. செலவு எவ்வளவானாலும் எம் மகன் தருவான்."

மூன்றரை லட்சம். யோசிக்கக்கூட இல்லை.

"அப்பா, அந்தக் காச எனக்குத் தாங்க. வண்டிய வித்துட்டு அதையும் போட்டு நான் லேப் வச்சுக்கிடுதேன்."

"வண்டிக்குன்னா தாரேன். உனக்கு எதுக்கு?"

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது. மிளகாய்க்கு விலை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது.

அதற்குள் சங்கத்துக்காரர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்பா பதறினார். "மொதல்ல அத கீழ எறக்குலே. கேட்டு வாசல்ல, எல்லாருக்கும் தெரியிற மாதிரி நிறுத்து. லாரி வரும்போது ஓரமாத் தள்ளிக்கிடலாம்."

அந்த நிமிடம்தான் எனக்கு வழி தெரிந்தது. சத்தியமாக அதற்குமுன் அப்படி ஒரு எண்ணம் இல்லை. சுடலைமாடன் காரை இறக்க, நானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கேட்டுக்கு நேர் குறுக்கே நிற்கும்படி திருப்பினேன். பார்க்கிங் பட்டனை அமுக்கினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். சுடலைமாடனுக்கு வாடகையைக் கொடுத்து, "நீங்க போங்க தம்பி" என்றேன்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். முதல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து காருக்கு முன்னால் நின்றது. நாலு பேர் காரைத் தள்ளினார்கள். அசையவில்லை. சாவி போட்டு விடுவிக்காமல் அதன் சக்கரம் உருளாது. அண்ணன் என்னிடம் வந்து கையை நீட்டினான்.

"சாவியக் குடு."

"எட்டரை லட்சம் குடு. புரோக்கர் சொன்ன அஞ்சு, அப்பா வண்டிக்குத் தாரேன்னு சொன்ன மூணரை. வண்டிய நீயே வச்சுக்கோ."

"கூட்டத்துல வச்சு வழிப்பறி பண்ணுதியா? நீதான கையெழுத்துப் போட்ட? உனக்கு இங்கன என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. வாசல்ல நிக்குதே பாரு, அது மட்டுந்தான் எனக்கு இருக்கு."

அண்ணன் குடோன் பக்கம் திரும்பிக் கத்தினான். "ஏலே, ஃபோர்க்லிஃப்ட எடுத்துட்டு வா. அடியில குத்தித் தூக்கி அந்தப் பக்கம் போடு."

மூட்டை தூக்குகிற அந்த வண்டி உறுமிக்கொண்டு வந்தது. அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதன் முன்னால் பாய்ந்தார்.

"வேண்டாம்லே! அடி நசுங்கிப்போகும்! எவ்வளவு வெலை வண்டி தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது, மறைக்கவில்லை.

அப்பா என் வீட்டுக்காரரைப் பிடித்தார். "மாப்பிள்ள, வண்டி உங்க பேர்லதான இருக்கு? நீங்க சொல்லுங்க. அவகிட்ட சாவிய வாங்கிக் குடுங்க."

இந்த மனிதர் எங்கே கவிழ்த்துவிடுவாரோ என்று பயந்தேன். ஆறு வருடமாக மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் காரைக் குழந்தையைப்போலக் குளிப்பாட்டியவர். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"வண்டி அவ பங்கு மாமா. நீங்கதான சொன்னீங்க. அவ எங்க காட்டுதாளோ அங்க நான் கையெழுத்துப் போடுதேன்."

ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் எட்டு என்றான். பேரம் பேசாமல் அவனால் மூச்சுவிட முடியாது. நான் சாவியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டேன். லாரிக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். அண்ணன் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எட்டரை லட்சத்தையும் போனில் அனுப்பச் சொன்னான். பணம் ஏறிவிட்டது என்று வங்கியிலிருந்து எனக்குச் செய்தி வரும்வரை சாவி என் இடுப்பிலேயே இருந்தது. வந்ததும் எடுத்து அவன் கையில் வைத்தேன்.

கார் ஓரமாக உருண்டது. லாரி உள்ளே போயிற்று. கெட்டிமேளம் முழங்கியது. நான் அப்பாவிடம் போய், "வாரேன்ப்பா" என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், இனி வீட்டு வாசல் மிதிக்காதே என்று சொல்வார் என்றுகூட நினைத்தேன். அதற்கும் பதில் வைத்திருந்தேன்.

அப்பா என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. காரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து பானட்டைத் துடைத்தார். பிறகு குனிந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டார்.

"கீறல் எதுவும் விழலையேலே?"